பெட்ரோல் வாடையும் ஒரு காப்பிக்கடை மூக்கும்

"காருக்குள்ள பெட்ரோல் வாட அடிக்கு" என்று என் மனைவி முதன்முதலாகச் சொன்ன அன்று, நான் பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "ஒண்ணுமில்லயே" என்றேன். அதைச் சொன்ன தோரணையை இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. பெரிய நிபுணர் மாதிரி புருவத்தைச் சுருக்கி, இன்னொரு தரம் மோந்து, கதவை அடித்துச் சாத்தினேன். அவள் கையில் பள்ளிக்கூடப் பையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடு தச்சநல்லூரில். அவள் சேரன்மகாதேவியில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. தினமும் பேட்டை வழியாக வயல்களுக்கு நடுவே அவளேதான் காரை ஓட்டிக்கொண்டு போய் வருவாள். பத்து வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். எனக்கு டவுனில் காப்பித்தூள் கடை. கொட்டையை நானே வறுத்து, நானே அரைத்துக் கொடுப்பது. இந்த யாவாரத்தில் தராசைவிட மூக்குதான் பெரிது. வறுபடுகிற கொட்டையை எந்த நொடியில் உருளையிலிருந்து இறக்க வேண்டும் என்பதை மூக்குதான் சொல்லும். "அண்ணாச்சி மோந்து பாத்து எறக்குனா தப்பாது" என்று ரதவீதியில் நாலு பேர் சொல்வதில்தான் கடை நடக்கிறது.

அந்த மூக்கு செத்துப்போய் மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கொரோனாக் காய்ச்சலில் எல்லாருக்கும் போனமாதிரி எனக்கும் வாசனை போனது. எல்லாருக்கும் திரும்பி வந்தது, எனக்கு வரவில்லை. இன்று வரும், நாளைக்கு வரும் என்று முதல் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. கொட்டை வெடிக்கும் சத்தத்தைக் காதால் கேட்டு, நிறத்தைக் கண்ணால் பார்த்து இறக்கிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் யாராவது பக்கத்தில் நின்றால் ஒரு கை கொட்டையை அள்ளி முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவேன். அந்த நடிப்பைத்தான் காரிடமும் காட்டினேன்.

அவள் விடவில்லை. மறுநாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தபோதும் "அடிக்குங்க, சத்தியமா அடிக்கு" என்றாள். எதிர்வீட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், நாள் முழுக்க மூக்குப்பொடி போடுகிற ஆள். அவர் காரைச் சுற்றி வந்து, சட்டைப்பையிலிருந்த பொடி மட்டையைத் தட்டிக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மா. சீட்டுக்குப் புது ரெக்சின் போட்டியளோ? அந்த வாடையா இருக்கும்" என்றார். நான் உடனே, "பாத்தியா, அண்ணாச்சியும் சொல்லுதாங்க" என்றேன். மூக்கில்லாத இரண்டு ஆம்பளைகள் சேர்ந்து ஒரு பொம்பளையின் மூக்குக்குத் தீர்ப்பு எழுதினோம்.

காரின் முன்பலகையில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. தரையில் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கிடையாது. அந்த வாடை தினமும் வருவதுமில்லை. காலையில் இருக்காது, சில நாள் மத்தியானம் இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. ஒரு வாரம் போனதும் அவள் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். காரை வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு, ஜங்ஷனுக்குப் போய் பஸ் மாறிப் போகத் தொடங்கினாள். எனக்கு அது வசதியாக இருந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பேச்சு நின்றுவிட்டதே, அதுவே போதும் என்றிருந்தேன்.

நாலாவது வாரம், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

"இன்னைக்கு மூக்கு டாக்டரப் பாத்துட்டு வந்தேன்."

"எதுக்கு?"

"அந்த வாடைக்குத்தான். கூட இருக்கவங்களுக்கும் தெரியுதான்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரங்களுக்குத் தெரியல சார், அவங்க காப்பிக்கட வச்சிருக்காங்க, அவங்க மூக்குக்குத் தெரியாத வாடையே கிடையாதுன்னு சொன்னேன்."

டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லாத வாட ஒருத்தருக்கு மட்டும் அடிச்சா, சில பேருக்குத் தலைக்குள்ள கோளாறு இருக்கலாமாம். ஸ்கேன் எழுதிக் குடுத்திருக்காரு. வெள்ளிக்கிழம காலைல. அதே நாள் அவருகிட்டயும் காட்டணும், டோக்கன் போட்டாச்சு."

அவள் முகத்தில் எதுவும் காட்டவில்லை. ஆனால் டோக்கன் சீட்டை அவள் நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பயந்து போயிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன "ஒண்ணுமில்லயே"யை நம்பி, தன் தலையையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு மாதம் இருந்திருக்கிறாள்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கடை போய்விடும் என்ற பயம் ஒன்று, அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம் இன்னொன்று. அதற்குப் பதிலாக மனதுக்குள் வேறொரு வழி பிடித்தேன். வெள்ளிக்கிழமைக்குள் அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் ஸ்கேன் வேண்டாம். அவள் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும், என் மூக்கைப் பற்றிய பேச்சும் வராது. கோழைத்தனமான யோசனைதான். ஆனால் பிடித்த பிடியை விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கடையைச் சாத்தினேன். தீபாவளிக்குக்கூட மத்தியானம்வரை திறந்திருக்கிற கடை. பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வீட்டுல யாருக்கும் உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். "காருக்குச் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பேட்டையில் ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். பதினைந்து வருடம் சவூதியில் பெரிய ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு வந்து, இங்கே ஒரு தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். காரை விட்டதும் விஷயத்தைச் சொன்னேன்.

"வாட எப்படி அண்ணாச்சி வருது? வண்டி ஓடும்போதா, நிக்கும்போதா?"

"தெரியல."

"டேங்க் நெறஞ்சிருக்கும்போதா, கொறஞ்சிருக்கும்போதா?"

"தெரியல."

"முன்னாலயா, பின்னாலயா?"

உதட்டைப் பிதுக்கினேன். பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காப்பிக்கட அண்ணாச்சி நீங்க. ஒங்க மூக்குக்குத் தெரியலயா?"

"சளி பிடிச்சிருக்கு பாய்."

"எங் கடையே பெட்ரோல்லதான் குளிக்கு. இங்கன வச்சி மூக்கால கண்டுபிடிக்க ஏலாது. வாட யாருக்குத் தெரிஞ்சிதோ அவங்கட்ட கேளுங்க."

வேறு வழியில்லாமல் அவளுக்குப் போன் செய்தேன். மதிய உணவு இடைவேளை, பின்னால் பிள்ளைகள் இரைச்சல். மெக்கானிக் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிள்ளைகள் இரைச்சலை விட்டுத் தள்ளிப் போனாள். பிறகு பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். ஆயுத பூசை கழிந்து நாலைந்து நாளில் ஆரம்பித்தது. டேங்க் நிரப்பிய மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் அதிகம், பாதிக்குக் கீழே போனால் இருக்காது. வெயிலில் நின்ற வண்டியில்தான் வரும். வேப்பமரத்தடியில் நிறுத்திய நாட்களில் வரவில்லை. இடதுபக்கம் பின்கதவைத் திறந்தால் குப்பென்று அடிக்கும், ஓட ஓடக் குறைந்துவிடும்.

"இதெல்லாம் எப்ப கவனிச்ச?" என்றேன்.

"அப்பவே. நீங்க கேக்கலயே" என்று வைத்துவிட்டாள்.

நான் சொல்லச் சொல்லப் பாய் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "டீச்சரம்மா பாதி ரிப்பேர முடிச்சிட்டாங்க. பெட்ரோல் ஒழுகல அண்ணாச்சி, அதோட ஆவி ஒழுகுது. டேங்க் நெறஞ்சி வெயில்ல காஞ்சா ஆவி முட்டும். சின்ன ஓட்ட போதும், வெளிய வந்துரும்" என்றார்.

பிறகு அந்த ஆவி போகிற பாதையைக் காட்டினார். டேங்கிலிருந்து ஒரு குழாய் வழியாக ஆவி ஒரு டப்பாவுக்குப் போகிறது. டப்பா நிறைய அடுப்புக்கரி மாதிரி கரி. அந்தக் கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது எஞ்சின் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடித்துவிடும். இந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் திறப்பு. அவ்வளவுதான் விஷயம். அவ்வளவுதான் என்று சொன்னாலும், குழாயும் வளையமும் கிளிப்புமாக அதில் இருபது இணைப்பு இருந்தது.

அன்று முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்தார். நானும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச் அடித்தபடி கூடவே கிடந்தேன். கரி டப்பாவுக்குப் போகும் ரப்பர் குழாயில் ஓரிடத்தில் விரிசல் மாதிரி தெரிந்தது. "இந்தா இருக்கான் பாருங்க" என்றார் பாய். குழாயை மாற்றி, புதுக் கிளிப் போட்டு இறுக்கினோம். வரும் வழியில் டேங்கை நிரப்பினேன். வீட்டுக்கு வந்து, "நாளைக்குக் கார்ல போ. வெயில்ல நிறுத்து. மத்தியானம் போன் பண்ணு" என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். கடையைச் சாத்தினேன் என்பது அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

புதன்கிழமை ஒரு மணிக்குப் போன் வந்தது. "அடிக்கு" என்றாள். கொஞ்சம் விட்டு, "இல்ல, எனக்குத்தான் அப்படித் தெரியுதோ என்னமோ" என்றாள்.

அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னைக் கொன்றது. ஒரு மாதம் முன்னால் "சத்தியமா அடிக்கு" என்று சொன்னவள். "உனக்குத் தெரியுதுன்னா அடிக்குதுன்னுதான் அர்த்தம்" என்று கத்தினேன். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை கடை திறக்கவே இல்லை. காலை எட்டு மணிக்கே பாய் கொட்டகையின் முன் போய் நின்றேன். மறுநாள் ஸ்கேன். இன்றைக்கு ஓட்டை தெரியாமல் வண்டி இங்கிருந்து நகராது என்றேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இருங்க அண்ணாச்சி, பைய பாப்போம். சவூதியில இதுக்குன்னு புகை விடுத மிஷின் உண்டு. குழாய்க்குள்ள புகைய விட்டா ஓட்ட இருக்க எடத்துல வெளிய வரும்."

"புகைதானே? சாம்பிராணி போட்டு விட்டா என்ன?" என்றேன். வாசனை தெரியாதவனுக்குச் சாம்பிராணி ஞாபகம்.

பாய் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "பெட்ரோல் டேங்குக்குள்ள நெருப்புப் புகையவா? நல்லா சொன்னியளே! ஒங்களுக்குக் கைலாசம், எனக்கு மவுத்து, ரெண்டும் ஒரே நேரத்துல நடந்துரும். அந்த மிஷின் வேற அண்ணாச்சி. அங்கன மிஷின், இங்கன ஷாம்பு."

ஷாம்புப் பாக்கெட் இரண்டைக் கிழித்து ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கினார். கரி டப்பாவிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதில் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயைச் செருகினார். மற்ற வழிகளையெல்லாம் அடைத்தார். இனி இந்தக் குழாய் வழியாகக் காற்று விட்டால், ஓட்டை இருக்கிற இடத்தில் ஷாம்புத் தண்ணீர் குமிழ் விடும்.

"கம்ப்ரசர் வச்சி அடிக்கப்படாதா?"

"டேங்க் பூரி மாதிரி உப்பிரும். வாய்க் காத்துதான் கணக்கு."

முதலில் அவர் ஊதினார். நாலு தரம் ஊதியதும் எதிர்த்து வந்த ஆவியில் முகம் கோணி, இருமி, வெளியே போய்க் காறித் துப்பினார். "தல சுத்துது. நீங்க ஊதுங்க. உறிஞ்சிராதிய, அல்லாவே! ஊதணும், விரலால அடைச்சிட்டுத் திரும்பி மூச்செடுக்கணும்" என்று என் கையில் குழாயைக் கொடுத்துவிட்டு, குவளையும் பிரஷுமாக வண்டிக்கு அடியில் போனார். நான் ஊதினேன். விரலால் அடைத்தேன், மூச்செடுத்தேன், மறுபடி ஊதினேன். ஒவ்வொரு இணைப்பாகத் தண்ணீர் தடவிக்கொண்டே போனார். ஒன்றிலும் குமிழில்லை. பம்பு வளையம் இல்லை, குழாய் முனை இல்லை, கிளிப் இல்லை. எனக்குக் கன்னம் இரண்டும் வலித்தது, கண்ணில் பூச்சி பறந்தது. நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஊதினேன்.

அடியிலிருந்து வெளியே வந்த பாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு நாலு ஊதுல கொடல் பெரண்டுச்சி. நீங்க இளநி குடிக்க மாதிரி நிக்கியளே அண்ணாச்சி?"

"சளின்னு சொன்னேன்லா" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மனுஷன் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக மிச்சமிருந்தது பெட்ரோல் ஊற்றும் வாய். அதன் மூடியை நாங்கள் இருவருமே சந்தேகப்படவில்லை. திருகினால் 'டக் டக்' என்று சத்தம் கேட்டு ஒழுங்காகத்தான் பூட்டிக்கொண்டது. ஒப்புக்கு அதைச் சுற்றியும் தண்ணீர் தடவினார். நான் ஊதினேன். மூடியின் கீழ்ப்புறம், இடது ஓரத்தில், கைக்குழந்தையின் வாயோரம் எச்சில் முட்டை விடுவதுபோல ஒரே ஒரு குமிழ் வந்து உடைந்தது. மறுபடி ஊதினேன். மறுபடி ஒன்று.

"மாஷா அல்லாஹ்!" என்றார் பாய்.

குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அவர் மூடியைத் திருகிக் கழற்றினார். மூடியின் ரப்பர் வளையத்தில் ஓரிடம் அமுங்கிப் பள்ளமாகி, மெல்லியதாகக் கீறியிருந்தது. அதற்கு நேரே, டேங்க் வாயின் விளிம்பில், மஞ்சளாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"சந்தனம்லா இது?"

நான் குனிந்து பார்த்தேன். கடலைப்பருப்பளவு மூன்று திட்டுகள், பக்கத்தில் பக்கத்தில். காய்ந்த சந்தனத்தில் விரல்ரேகை தெளிவாகத் தெரிந்தது.

"பக்தி முத்திப்போச்சி அண்ணாச்சி ஒங்களுக்கு. ஆயுத பூசைக்கு டயருக்கு வப்பாங்க, ஸ்டீரிங்குக்கு வப்பாங்க. வண்டி சாப்பிடுத வாய்க்கும் வச்சிட்டியளே! இந்தக் கட்டி மேல மூடி ஒக்காந்து, ஒக்காந்து, ரப்பரு பள்ளம் விழுந்து, அது வழியா ஆவி போயிருக்கு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விரல்கள் எப்படி அங்கே வந்தன என்பது எனக்குத் தெரியும்.

ஆயுத பூசை அன்று கடையில் வறுக்கும் உருளைக்கும் அரைக்கும் மிஷினுக்கும் பூசை முடித்துவிட்டு, வீட்டில் காருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் தேங்காயும் சூடமும் எடுக்க உள்ளே போயிருந்தாள். முற்றத்தில் யாருமில்லை. கிண்ணத்துச் சந்தனத்தை மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அதைவிடக் கடுமையான வாடை ஒன்று வேண்டும் என்று தோன்றியது. பெட்ரோல் மூடியைத் திருகி எடுத்தேன். சந்தனம் அப்பிய மூன்று விரல்களையும் டேங்கின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, முகத்தை அதன் வாய்க்கே கொண்டுபோய் மூச்சிழுத்தேன். ஒன்றுமில்லை. வெறும் காற்று. அழுகை வந்தது. இதுகூடத் தெரியவில்லை என்றால் இனி எதுவும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். அவள் கொலுசுச் சத்தம் கேட்டதும் அவசரமாக மூடியைத் திருகிவிட்டு நகர்ந்தேன். அவள் சூடம் கொளுத்திக் காரை மூன்று சுற்றுச் சுற்றினாள். சரியாகப் பதியாத அந்த மூடியைத் தாண்டித்தான் சூடம் மூன்று தரமும் போனது.

விளிம்பைச் சுரண்டி, துணியால் துடைத்து, வழவழப்பாகும்வரை பாய் விடவில்லை. புது மூடி வாங்கி வந்து போட்டோம். மறுபடி ஷாம்புத் தண்ணீர், மறுபடி நான் ஊதினேன். ஒரு குமிழ்கூட இல்லை. உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடியும் ஊதிப் பார்த்தேன். பாய் போதும் என்றார். நான் இன்னும் இரண்டு தரம் ஊதிவிட்டுத்தான் குழாயைக் கொடுத்தேன்.

காரை ஓட்டிக்கொண்டு வரும்போது பொய் தயாராக இருந்தது. பாயே எடுத்துக் கொடுத்த பொய். பக்தி முற்றி வாய்க்கும் சந்தனம் வைத்துவிட்டேன் என்றால் அவள் ஒரு வாரம் கேலி செய்வாள், அதோடு முடிந்தது. பழைய மூடியைச் சாட்சிக்குக் கொண்டு வந்திருந்தேன்.

அவள் ஐந்து மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் மேசையில் அவள் காப்பிக்குப் பக்கத்தில் மூடியை வைத்து, "கண்டுபிடிச்சாச்சு! நீ சொன்னதுதான் சரி. இதுதான் கசிஞ்சிருக்கு" என்றேன். அவள் முகம் மலர்வதற்குள் சுளித்தது.

"மொதல்ல அத எடுங்க. இங்கேருந்தே குடலப் புடுங்குது. எதுல வச்சிக் கொண்டு வந்தீங்க?"

"சட்டப்பையிலதான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள். அதில் மூடியின் வட்டம் அழுக்காகப் பதிந்திருந்தது. பிறகு பையிலிருந்து என் மூக்கு எத்தனை தூரம் என்று பார்த்தாள். பேட்டையிலிருந்து தச்சநல்லூர்வரை அதை அங்கேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"உங்களுக்குத் தெரியலயா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தயாராக வைத்திருந்த பொய் அந்தக் கேள்விக்கு உதவவில்லை. "எனக்கு எந்த வாடையும் தெரியாது. கொரோனாலேருந்து தெரியாது" என்றேன். சந்தனத்தைச் சொன்னேன், கொட்டையை மோப்பதுபோல் நடிப்பதைச் சொன்னேன். "மன்னிச்சிரு" என்றேன்.

அவள் மூடியை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். பிறகு வெடித்தாள்.

"தெரியலன்னு சொல்லியிருக்கலாம்லா? ஒண்ணுமில்லன்னு ஏன் சொன்னீங்க? ரெண்டும் ஒண்ணா? மண்டைக்குள்ள என்னமோ வளருதுன்னு நான் ஒரு மாசமா தூங்கல. பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தும்போது எனக்கு எத்தன நாளுன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் பேசி, ஸ்கேன் வேண்டாம் என்று சொன்னாள். அடுத்ததாக டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். "டோக்கன் இருக்கட்டும் சார். பேர மட்டும் மாத்திக்கிடுங்க" என்று என் பெயரைச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அவள்தான் ஓட்டினாள். வழியில் வேண்டுமென்றே டேங்கை நிரப்பினாள். ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில் இடமிருந்தும், அதை விட்டு நட்ட வெயிலில் நிறுத்தினாள். டாக்டர் என் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வரலாம், வராமலும் போகலாம், தினமும் நாலு வாசனையைப் பிடித்து மோந்து பழகுங்கள் என்றார். வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. அவள் இடதுபக்கம் பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, மூச்சிழுத்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

முதல் நாள் நான் சொன்ன அதே சொல். அவள் சொன்னதை நம்பி ஏறி உட்கார்ந்தேன்.

வீட்டுக்குத் திருப்புவாள் என்று பார்த்தால் டவுனுக்கு விட்டாள். கடையைத் திறக்கச் சொன்னாள். புதன்கிழமை வறுத்து ஆறப்போட்ட கொட்டை அகலத் தட்டில் பரப்பியபடி கிடந்தது. ஒரு கை அள்ளி முகத்தருகே கொண்டுபோனாள். கண்ணை மூடவில்லை, நடிக்கவில்லை.

"கருகிருக்கு" என்றாள்.

என் கண்ணுக்கு அது நல்ல நிறமாகத்தான் தெரிந்தது. புதன்கிழமை கொட்டை வெடித்த சத்தமும் சரியாகத்தான் இருந்தது. தட்டு முழுவதையும் ஒரு சாக்கில் கொட்டி ஓரமாக வைத்துவிட்டு, அவளுக்கு ஒரு ஸ்டூலை எடுத்து உருளைக்குப் பக்கத்தில் போட்டு, அடுத்த ஈடு வறுக்க அடுப்பைப் பற்றவைத்தேன்.